வேலைத்தள மடிக்கணினிக்கு எந்த மவுஸ்?

கணினி மவுஸுக்கும் சுவிஸுக்கும் பழைய உறவு. லொஜிடெக் நிறுவனம் 1981இல் வோ மாநிலத்தின் அப்ல் கிராமத்தில்தான் தொடங்கியது. நம்மில் பலர் அந்தப் பெயரைப் பார்த்தே வாங்கிவிடுகிறோம். கட்டட வேலைத்தளத்தில் தொழிற்பயிற்சி பெறும் பிள்ளையின் உறுதிமிக்க மடிக்கணினிக்குப் பெயர் மட்டும் போதாது.

இவ்வகைக் கணினிகள் பலவற்றில் யூ.எஸ்.பி. துளைகளுக்கு மூடி உண்டு. அது இறுக மூடியிருந்தால்தான் தூசியும் மழைநீரும் உள்ளே போகாது. வயரில்லா மவுஸின் சிறு யூ.எஸ்.பி. துண்டைச் செருகினால் மூடி திறந்தே கிடக்கும். பெருவிலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அந்த ஓட்டையால் போய்விடும். ஆகவே நாம் புளூடூத் மவுஸையே சொல்வோம். நிறுவனம் கொடுத்த கணினியென்றால், அதில் புளூடூத்துக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

மவுஸுக்கும் காப்பு வேண்டும். பெட்டியில் ஐ.பி. 65 என்றிருந்தால், 6 தூசிக்கு, 5 பீச்சும் நீருக்கு. கையுறையோடு அழுத்திப் பார்த்தே வாங்குங்கள். மாசி மாதக் குளிரில் சாதாரண அல்கலைன் பற்றரி சீக்கிரம் சோர்ந்துவிடும். லித்தியம் பற்றரி தாங்கும், விலைதான் கொஞ்சம் கூட. தீர்ந்த பற்றரிகளைக் குப்பைப் பையில் போடாதீர்கள், பற்றரி விற்கும் கடைகளே இலவசமாகத் திருப்பி எடுக்கும்.