ஞானப்பிரகாசர் குளமும் குள்ளஞ்சாவடி முகாமும்



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். ஹாஸ்டல் சேட்டைகளை எழுத நிறையப் பேர் இருக்கிறீர்கள். வரலாறு படித்தவன் என்பதால் நான் வேறு விஷயம் எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் ஞானப்பிரகாசர் தெப்பக்குளம் தெரியும்தானே? அதை வெட்டியவர் உள்ளூர்க்காரர் இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாச முனிவர். 1619ல் போர்ச்சுக்கீசியர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்கள் சமையலுக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பசு கேட்டார்களாம். தன் முறை வருவதற்கு முதல் நாள் ராத்திரியே முனிவர் ஊரை விட்டுக் கிளம்பிச் சிதம்பரம் வந்து சேர்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அகதி என்று அவரை அன்று யாரும் சொல்லவில்லை. வந்தவர் நமக்குக் குளம் வெட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. 1864ல் ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1931ல் மட்டக்களப்பிலிருந்து வந்த விபுலாநந்த அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார்.

1983 ஜூலைக் கலவரம் வந்தது. அந்த உறவுக்கு வேறு பெயர் வந்தது. ராமேசுவரம் கரையில் இறங்கியவர்களை மண்டபம் முகாமில் பதிந்து, மாவட்டம் மாவட்டமாக அனுப்பினார்கள். 1987 ஒப்பந்தத்துக்கு முன் வந்தவர்கள் மட்டும் சுமார் 1,34,000 பேர். 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை திரும்பியது, ஜூனில் மறுபடி போர், மறுபடி படகுகள். 2012 வரை மொத்தம் 3 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். நம் பக்கத்தில் குள்ளஞ்சாவடியிலும் காட்டுமன்னார்கோயிலிலும் முகாம்கள் அமைந்தன.

எங்கள் வகுப்பிலும் முகாமிலிருந்து ஒருவன் வந்தான். மாலையில் டீக்கடைக்குக் கூப்பிட்டால் நிற்க மாட்டான். "இல்லையடா மச்சான், இண்டைக்குக் கணக்கெடுப்பு. ஆள் இல்லாட்டி காசு வெட்டிப் போடுவாங்கள்" என்று பஸ்ஸுக்கு ஓடுவான். நாங்கள் சிரிப்போம். அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

1991 மே 21ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992 மே மாதம் விடுதலைப் புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டது. கொலைக்கு முந்தைய வருஷமே சென்னையில் பத்மநாபாவும் கூட இருந்தவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆயுதத்தோடு வந்தவர்களை அரசு தேடியதில் தப்பில்லை. எந்த அரசும் தேடத்தான் செய்யும். ஆனால் துப்பாக்கி தூக்கியவனுக்கும், துப்பாக்கிக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கும் வித்தியாசம் பார்க்க அன்று யாருக்கும் பொறுமை இல்லை. முகாம் கெடுபிடி அதிகமாயிற்று. உயர்கல்விச் சலுகைகள் நின்றன. கதவு மறுபடி திறக்கச் சில வருஷங்கள் ஆயின. 1995 வரை ஒரு லட்சம் பேர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

அந்த வருஷம்தான் என் நண்பனின் தம்பி பிளஸ் டூ முடித்தான். அண்ணனைவிட நல்ல மார்க். பெயிண்ட் அடிக்கப் போனான். கடலூர், நெய்வேலி, பாண்டிச்சேரி என்று எத்தனை வீட்டுச் சுவரோ! அவன் படிக்காமல் போனதால் நாட்டுக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கொள்கை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். 1951ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் இவர்கள் வெளிநாட்டவர், அவ்வளவுதான். பிறப்பால் குடியுரிமை என்பதும் சுருங்கியது. 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்த பிள்ளை இந்தியக் குடிமகன். ஜூலை 1ல் பிறந்தால், அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். ஒரே ராத்திரி வித்தியாசம்! 2019 திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேரவில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது. 2021ல் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 7,469 புது வீடுகள் அதில் அடக்கம். 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்தவர்களிடம் பாஸ்போர்ட், விசா இல்லை என்று தண்டிக்க வேண்டாம் என்று மத்திய அரசும் 2025ல் உத்தரவு போட்டது. தண்டனை இல்லை, சரி. ஆனால் குடியுரிமை?

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெஞ்சில் முகாமிலிருந்து வரும் பிள்ளை இருக்கலாம். இங்கேயே பிறந்து, நம் கடலூர்த் தமிழே பேசும். டிகிரி வாங்கும், அரசு வேலைக்கு மனுப் போடும்போதுதான் குடியுரிமை என்ற கட்டத்தில் பேனா நிற்கும். வரலாற்றுப் பாடம் புத்தகத்தில் மட்டும் இல்லை.

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சட்டத்தை நாம் மாற்ற முடியாது. கல்லூரிக் கட்டணம் கட்டலாம். இந்த வருஷம் சங்க நிதியிலிருந்து முகாம் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது படிப்புச் செலவை ஏற்போம். என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

முன்பு ஓடிவந்தவர் குளம் வெட்டினார். இப்போது ஓடிவந்தவர்களின் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது, நாம் அவர்கள் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. பெயிண்ட் பிரஷ்ஷா, புத்தகமா?