காயத்துக்குக் காத்திருக்கும் பால்

குலசேகரம், கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே வெளிச்சம் நடமாடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்கள் மரம் மரமாகப் போவார்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறையும், பாலும் குறையும். அதனால்தான் இந்த அவசரம். முந்தைய வெட்டின் மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் பால் நாரை முதலில் உரித்தெடுப்பார்கள். பிறகு கத்தி சரிவாக இறங்கும். சீவப்படும் பட்டை ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதற்கு மேல் ஆழம் போய்விட்டால் உள்ளிருக்கும் வளர்படலம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. சீவிய கோட்டில் வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, ஒன்று சேர்ந்து, சரிவில் இறங்கிச் சிரட்டையில் சொட்டும்.

சில மணி நேரத்தில் சொட்டு நின்றுவிடும். பால் தீர்ந்து போனதால் அல்ல, மரமே அடைத்துக்கொள்வதால். ரப்பர் பால் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள். ஒவ்வொரு துகளையும் சுற்றிப் புரதமும் கொழுப்புமாக ஒரு மெல்லிய உறை. அதிலுள்ள எதிர்மின்னூட்டம் துகள்களை ஒன்றையொன்று நெருங்க விடாது. பட்டை அறுபட்டதும் பாலோடு ஓடும் லூட்டாய்டு என்ற நுண்பைகள் உடைகின்றன. அவற்றிலிருந்து வரும் ஹெவீன் என்ற புரதம் துகள்களைச் சேர்த்துக் கட்ட, பால் குழாயின் வாய் அடைபடுகிறது. டியூப் இல்லாத சைக்கிள் டயருக்குள் இந்தப் பாலை ஊற்றுகிறவரும் இதையேதான் கேட்கிறார்: ஓடுகிற வரை நீராக இரு, குத்துப்பட்ட நொடியில் கட்டியாகு.

இந்த மரத்தின் பூர்வீகம் அமேசான். 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை ஏறக்குறைய 2,700. அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி இலங்கைக்கு வந்து, கம்பஹா பக்கம் ஹேனரத்கொட தோட்டத்தில் வேர்விட்டது. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை அந்த விதைகள்தான்.

சிரட்டையிலிருந்து வாளிக்கு வந்த பால் அங்கே இரண்டு வழியாகப் பிரியும். ஷீட் அடிக்கிறவர் ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் அழுத்தி, புகையில் உலர்த்துவார். நம் கதைக்குரிய பால் மறுவழியில் போகிறது. அதில் அமோனியா சேர்க்கிறார்கள். இல்லாவிட்டால் பொழுது சாய்வதற்குள் புளித்துத் திரிந்துவிடும். பிறகு ஆலையில் மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்த ரப்பரை 60 சதவீதமாக்குகிறார்கள். அங்கிருந்து டிரம் டிரம்மாகக் கையுறைக்கும் பலூனுக்கும் பசைக்கும் புறப்படும். தொட்டியில் கலந்த பிறகு எந்த ஊர்ப் பால் என்று யாராலும் சொல்ல முடியாது.

சைக்கிள்காரர்கள் இதைத் தேடி வந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். கார்களில் டியூப் இல்லாத டயர் 1950-களிலேயே பரவத் தொடங்கிவிட்டது. 1999-ல் மாவிக், மிச்செலின், ஹட்சின்சன் ஆகிய பிரெஞ்சு நிறுவனங்கள் மலைச் சைக்கிளுக்கு யுஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தன. காற்றுக் கசியாத தனி ரிம், உள்ளே கூடுதல் ரப்பர் படலம் பூசிய தனி டயர். நன்றாகத்தான் ஓடியது, ஆனால் கனம். மலையேறுகிறவனுக்குச் சக்கரத்தில் கூடும் ஒவ்வொரு கிராமும் வலி. 2001-ல் நியூயார்க் மாநிலத்தில் நோடியூப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டான் கோஸியாடெக் வேறு விதமாக யோசித்தார். ரிம்மின் ஆரக்கால் துளைகளை டேப் ஒட்டி மூடு. சாதாரண டயரையே மாட்டு. அதன் நூலிழை இடுக்குகளில் கசியும் காற்றை ரப்பர் பால் அடைத்துக்கொள்ளட்டும். இந்தக் கணக்கில் முள் குத்தும் ஓட்டையும் இன்னொரு கசிவுதான், சற்றுப் பெரியது.

டயருக்குள் ஊற்றும் இந்த அடைப்புப் பாலுக்குச் சீலன்ட் என்று பெயர்; அதன் புட்டியில் இருப்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ரப்பர் பால், தண்ணீர், சீக்கிரம் காய்ந்துபோகாமலும் குளிரில் உறையாமலும் இருக்கப் புரொப்பிலீன் கிளைக்கால், அப்புறம் ஓட்டையில் போய் நெருக்கியடித்து நிற்கத் துகள்கள். சில வகைகளில் செயற்கைப் பாலும் உண்டு. குலுக்காமல் ஊற்றினால் துகள் முழுக்க அடியில் தங்கிவிட்டு, வெறும் மோர் மாதிரி ஒன்று டயருக்குள் போகும். இதைச் சொல்லாமல் புட்டியை விற்கிற கடைக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

வால்வின் உள்தண்டைக் கழற்றி, மலைச் சைக்கிள் டயர் ஒன்றுக்கு 60 முதல் 120 மில்லி வரை உள்ளே செலுத்துவார்கள். பிறகு பலமாகக் காற்றடிக்க வேண்டும். டயரின் விளிம்பு ரிம்மின் பள்ளத்திலிருந்து ஏறித் தன் இடத்தில் உட்காரும்போது ‘டப்’, ‘டப்’ என்று வெடிக்கும்; முதல் தடவை கேட்கிறவர் பின்வாங்காமல் இருக்க மாட்டார். சக்கரத்தைக் கையில் பிடித்து இருபுறமும் சாய்த்துச் சுழற்றினால் பக்கச் சுவரில் ஊசிமுனை அளவுக்குப் பால் வியர்க்கும், காயும், நிற்கும்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இந்தப் பாலுக்கு வாய்த்த எதிரி நமக்குத் தெரிந்த ஆள்: நெருஞ்சி. அதன் காய் ஐந்தாகப் பிளக்கும், எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். பழைய உலகத்துச் செடியான இது அங்கே போய்ச் சேர்ந்து படர்ந்துவிட்டது. அதை ஒழிக்க 1961-ல் இந்தியாவிலும் இத்தாலியிலும் வாழும் வண்டினங்களை வரவழைத்து விட்டுப் பார்த்தார்கள். செடி இன்னும் இருக்கிறது. ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரத்துச் சைக்கிள்காரர்கள் 2018-ல் அதன் பெயரிலேயே ஒரு விழா தொடங்கினார்கள்.

முள் ஏறியதும் காற்று வெளியே பாயும், பாலையும் இழுத்துக்கொண்டு வரும். குறுகிய துளையில் துகள்கள் சிக்கி நிற்க, அவற்றின் இடுக்கில் ரப்பர் நுண்துகள்கள் உரசி, உறை கலைந்து, ஒன்றோடொன்று ஒட்டும். சக்கரம் சில சுற்று சுற்றுவதற்குள் சீறல் அடங்கிவிடும். 20, 25 பிஎஸ்ஐ காற்றில் ஓடும் தடித்த மலை டயரில் இது அழகாக நடக்கும். 100 பிஎஸ்ஐ அடைத்த மெல்லிய ரோடு டயரில் பால் பீய்ச்சி முதுகெல்லாம் புள்ளி வைக்கும். பாதிக் காற்று போன பிறகுதான் அடைபடும். கண்ணாடி கிழித்த நீள வெட்டுக்குப் பால் மட்டும் போதாது, பைக் பஞ்சர் கடையில் செருகுவது போலப் பசை தடவிய ஸ்ட்ரிப் வேண்டும். அவசரத்துக்குக் கரியமில வாயுக் குப்பியால் காற்று ஏற்றாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் சிலர் எச்சரிக்கிறார்கள், பால் திரிந்துவிடும்.

திரியாவிட்டாலும் அதன் ஆயுள் சில மாதங்கள்தான். டயரின் வழியாக நீர் மெல்ல ஆவியாகும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. அப்புறம் திறந்து பார்த்தால் உட்புறம் ஒரு தோலும் சில உருண்டைகளும் கிடக்கும். சிரட்டையில் மிஞ்சி உறைவதற்குத் தோட்டத்தில் ஒட்டுப்பால் என்று பெயர், விலையும் உண்டு. டயருக்குள் உறைந்ததை யாரும் வாங்க மாட்டார்கள்.

தெருமுனைப் பஞ்சர் கடை நடக்கிற ஊரில், கடைக்கும் பள்ளிக்கும் போய்வரும் சைக்கிளுக்கு இவ்வளவு செலவும் பராமரிப்பும் வீண் என்றே நினைக்கிறேன். முட்காட்டுப் பாதையில் தொலைதூரம் போகிறவருக்கு இது வேண்டும். அவரும் பையில் ஒரு டியூப் வைத்திருப்பது நல்லது. ஆனால் வழியில் அதை மாட்ட நேர்ந்தால் முதலில் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். அதுவரை ஏறிய நெருஞ்சி முட்களைப் பால் அடைத்து வைத்திருக்குமே தவிர வெளியே தள்ளியிருக்காது; அத்தனையும் முனை நீட்டிக்கொண்டு அங்கேயேதான் இருக்கும்.