குண்டு விழுந்த தூரம்

கோடையில் சனி, ஞாயிறு கிடைத்தால் தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றைத் தேடிப் போகிறோம். அந்த மண் விலைபோன விதம் வேடிக்கையானது. 1690-ல் மராத்தியரிடம் கும்பெனியார் கோட்டையை வாங்கினார்கள். சுற்றிலும் பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை நிலமும் சேர்த்தி என்று பேச்சு. வெள்ளைக்காரன் கெட்டிக்காரன் அல்லவா? நெடுந்தூரம் பாயும் பீரங்கியாகப் பார்த்து வைத்தான். கடலூரே வளையத்துக்குள் வந்துவிட்டது! ‘குண்டு கிராமங்கள்’ என்று பேரும் நிலைத்தது. தன் கத்தரிப் பாத்தியில் குண்டு விழ வேண்டுமென்று எந்தக் குடியானவனும் வேண்டிக்கொண்டிருக்க மாட்டான். மஞ்சக்குப்பத்தில் கவர்னருக்குத் தோட்ட வீடு எழுந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை இடித்துத் தள்ளினான்.

எனக்கென்னவோ, இந்தக் கரையின் சரித்திரத்தைச் சிதம்பரத்துச் சமையலறையில் படிப்பதுதான் ருசிக்கிறது. நடராஜர் கோயில் பிரசாதமான சம்பா சாதத்தில் காரம் மிளகுடையது; அது நம் நாட்டுச் சரக்கு. கூடவே வருகிற கத்தரிக்காய் கொத்சில் காரம் மிளகாயுடையது. அமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுகீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்த சரக்கு அது. அவர்கள் இந்தக் கரையில் கடை விரித்ததை, வழியிலுள்ள பறங்கிப்பேட்டையின் பேரே சொல்லும். நம் பெண்கள் புதுக் காய்க்கு மிளகின் பேரையே சூட்டி, அம்மியில் ஏற்றிக்கொண்டார்கள். அதற்கு யாரும் பீரங்கி வெடிக்கவில்லை.

கொத்சுக்கு மட்டும் நல்லெண்ணெய் தாராளமாக இருக்கட்டும், அம்மணி!