கண்டிச் சீமை நிழற்படங்களும் பல்கலைக்கழக நூலகமும்

கண்டிச் சீமையின் பழைய தோற்றத்தை நிழற்படங்கள் வாயிலாக ஆராயப் புகும் மாணவன் இன்றும் பெரும்பாலும் இங்கிலாந்தையே நோக்கவேண்டியவனாக உள்ளான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலே, அரச பொதுநலவாயச் சங்கத் தொகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கைப் படங்கள் பேணப்பட்டு வருகின்றன. இலண்டனிலும் அத்தகைய தொகுதிகள் உள. படம் பிடித்தவரின் கடை கண்டியில் இருந்தது. படத்துக்கு நின்றவர் இம்மலைநாட்டில் வாழ்ந்தவர். படம் மட்டும் கடல் கடந்து சென்றது. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதும், சென்ற இடத்தில் அப்படங்கள் எவ்வாறு ஆளப்படுகின்றன என்பதும் பேராதனைக்கு அண்மையில் வாழ்வோர் அறியற்பாலன.

ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் 1851 இல் வெளியிட்ட முறைப்படி, கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படம்பிடித்து, அப்பொழுதே கழுவி எடுத்தல் வேண்டும். ஆகவே வெளியூர் செல்லும் படப்பிடிப்பாளர் இருட்டறைக் கூடாரத்தையும், மருந்துப் புட்டிகளையும், கண்ணாடிப் பெட்டிகளையும் உடன் கொண்டு செல்லவேண்டியிருந்தது. இச்சுமையோடு காடு புகுந்தவர்களுள் ஒருவர், கண்டியில் கடை நடத்திய ஜோசப் லோட்டன். ஆள்பதி சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் 1868 இல் அமைத்த தொல்பொருட் குழுவின் பொருட்டு, 1870-71 ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களை அவர் படம்பிடித்தார். தொல்பொருளாய்வு எச். சீ. பி. பெல் தலைமையில் 1890 இலேயே முறையாகத் தொடங்கிற்று. ஆகையால் அகழ்வோர் மண்வெட்டி படுமுன் அவ்விடிபாடுகள் இருந்த நிலைக்கு லோட்டன் படங்களே சான்றாகின்றன. அவர் 1872 இல் மறைந்தார். நான்காண்டுகளின் பின்னர், 1876 இல், சார்ள்ஸ் ஸ்கோவன் கண்டியிலே கடை திறந்தார். கொழும்பில் ஸ்கீன் கடையும், 1890 இல் தொடங்கிய பிளாட்டே கடையும் புகழ்பெற்றன.

இக்கடைகளிற் படம் வாங்கியோர் தோட்டத் துரைமாரும், அரசாங்க உத்தியோகத்தரும், கப்பற் பயணிகளுமே. அவர்கள் தாம் விரும்பியவற்றைத் தோலட்டைப் பேரேடுகளில் ஒட்டுவித்து ஊருக்கு எடுத்துச் சென்றனர். தலதா மாளிகை, கண்டி வாவி, பேராதனைப் பூந்தோட்டம் என்பவற்றோடு கோப்பித் தோட்டமும், பின்னர் தேயிலைத் தோட்டமும் அவற்றில் இடம்பெற்றன. கோப்பிச் செடியில் இலைநோய் 1869 இற் காணப்பட்டுப் பரவலாயிற்று; ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 1867 இல் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880 இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது வத்தேகம, நக்கிள்ஸ் மலைச்சரிவுத் தோட்டங்களுக்குரிய நிலையமாயிற்று. கூடை தாங்கிய பெண்களும், பிரட்டுக்கு நின்ற ஆண்களும் அக்காலந்தொட்டு ஆயிரக்கணக்கான படங்களில் நிற்கின்றனர். அவர்களுக்குப் படத்தின் அடியில் இடப்பட்ட குறிப்பு ‘தமிழ்க் கூலிகள்’, ‘கொழுந்தெடுக்கும் பெண்’ என்பதோடு முடிந்துவிடும்.

ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரின் செய்தி இதனை நன்கு விளக்கும். கவி தெனிசன், விஞ்ஞானி டார்வின் முதலியோரைப் படம்பிடித்துப் பெயர்பெற்ற இவ்வம்மையார், கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875 இல் இலங்கை வந்து, 1879 இல் இங்கேயே இறந்தார்; உடல் பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டது. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. களுத்துறையில் விருந்தினராக வந்த ஓவியர் மரியன் நோர்த் அம்மையாரின் படத்திற்குப் பெயர் உண்டு. அதே ஊரில் எடுத்த மற்றொரு படத்தில் நிற்கும் முதியவரின் வயது நூறென்றும், அருகில் நிற்கும் பெண்ணுக்கு வயது பன்னிரண்டென்றும் கமரன் எழுதிவைத்தார். வயதைக் கேட்டறிந்தவர் பெயரை எழுதாது விட்டமை வியப்பே.

இனி, கேம்பிரிட்ஜ் தொகுதியின் வரலாறு. குடியேற்றநாட்டுச் சங்கம் என 1868 இல் இலண்டனில் தோன்றிய அமைப்பே பின்னர் அரச பொதுநலவாயச் சங்கம் எனப் பெயர் பெற்றது. உறுப்பினர் குடும்பங்கள் தந்த பேரேடுகளால் அதன் படத்தொகுதி வளர்ந்தது. உலகப் போரின்போது, 1941 இல், நூலகத்தின்மீது குண்டு விழுந்து ஏறத்தாழ 35,000 நூல்கள் அழிந்தன. போருக்குப் பின் மீண்டும் வளர்ந்த அந்நூலகத்தைச் சங்கத்தால் தொடர்ந்து தாங்க முடியாமற் போகவே, சிதறி விலைபோகும் அச்சம் எழுந்தது. பெருமுயற்சியால் நிதி திரட்டப்பட்டு, 1993 இல் தொகுதி முழுவதும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இன்று அதில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் உள.

படத்தொகுதியை ஆளுதல் நூல்களை ஆளுதல் போன்றதன்று. நூலுக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் அச்சிலேயே உண்டு. படத்துக்கு நூலகரே தலைப்பிடல் வேண்டும். மூலக்குறிப்பு இருப்பின் அதனை எழுத்து மாறாது பதிவர். தாமே இட்ட தலைப்பைச் சதுர அடைப்புக்குள் இடுவர். முன்னது அக்காலத்தார் நோக்கு, பின்னது நூலகர் முடிபு என்பதைப் படிப்போர் பிரித்தறிய இது வழிசெய்யும். ‘கூலி’ என்னும் சொல்லை மூலக்குறிப்பிலிருந்து அழித்தல் சான்றை அழித்தலாகும். ஆனால் அதனையே பொருட்டலைப்பாகவும் வைத்தல் பழைய இழிவைப் புதுப்பித்தலாகும். பேரேட்டைப் பிரித்துத் தனிப்படங்களாக்குவதும் தவறு. எதன்பின் எது ஒட்டப்பட்டது என்பதே ஒட்டியவரின் வழியையும் காலத்தையும் சொல்லும்.

காலத்தைக் கணிப்பதற்கும் வழிகள் உள. செடி கோப்பியா தேயிலையா என்று நோக்குவது முதற்படி. லயத்தின் கூரை புல்லா தகரமா என்பது அடுத்தது. முகவரிப் பக்கம் இரண்டாகப் பிரிக்கப்பட்ட அஞ்சலட்டையைப் பிரித்தானியாவே 1902 இற்றான் முதன்முதல் அனுமதித்தது. ஆதலின் அத்தகைய அட்டை அதற்கு முந்தியதாதல் இயலாது. இவையெல்லாம் கேம்பிரிட்ஜில் இருந்தவாறே ஒருவர் செய்யக்கூடியன. ஆனால் பின்னணியிற் காணும் மலைமுகடு எது, கோயில் எந்தப் பிரிவைச் சேர்ந்தது, தலைப்பாகையுடன் நடுவில் நிற்கும் கங்காணி யார் என்பவற்றைப் பன்விலையிலோ மடுல்கலையிலோ வாழும் ஒருவரே கூறமுடியும். படம் ஓரிடத்திலும் அதனை அறிந்தவர் வேறோரிடத்திலும் இருக்கும் வரையில், பட்டியல் எத்துணைத் திருத்தமாக அமைந்தாலும் குறையுடையதே.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் தோன்றி, 1952 இல் பேராதனைக்கு வந்தது. அதன் நூலகத்தில் ஓலைச்சுவடிகளும் இலங்கை பற்றிய நூல்களும் பெருந்தொகையாக உள. அச்சிட்ட நூலின் படியொன்றைச் சட்டம் நூலகத்திற் கொண்டுவந்து சேர்க்கும். குடும்பப் படத்தை எந்தச் சட்டமும் கொண்டுவராது. கேட்டுத்தான் பெறல் வேண்டும். கேட்கவேண்டியவை பல. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு 1960 களில் அரங்கேற்றிய கூத்துகளின் படங்களில் வேடத்துக்குள் இருப்பவர் யாவரென அறிந்தோர் இன்று எண்பது வயதை எட்டிவிட்டனர். தோட்டங்களிற் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடியோர் படங்களும் அங்ஙனமே.

இவ்விடத்தில் ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. குடியுரிமைச் சட்டம் 1948 இல் நாடற்றோராக்கிய மக்களை, 1964 ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகவே பங்கிட்டது: 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். புறப்பட்டோர் கடவுச்சீட்டுக்காகப் படமெடுத்தனர். ஒரு நூற்றாண்டாகப் பெயரின்றிப் படங்களில் நின்ற இனத்தவரின் முகமும் பெயரும், அவர்கள் நாட்டைவிட்டு நீங்கும் கடதாசியிலே ஒன்றாக வந்தன. அக்கடவுச்சீட்டுகள் தமிழ்நாட்டில் நீலகிரி முதலிய இடங்களில் குடியேறிய குடும்பங்களிடம் பெட்டியடியில் இன்றும் கிடக்கக்கூடும்.

பேணும் முறையிலும் கண்டிக்குத் தனி இடர் உண்டு. படங்களுக்கு ஏற்ற காற்றீரம் நூற்றுக்கு 30 முதல் 50 வரை என்பர்; இங்கு ஆண்டின் பெரும்பகுதியில் அஃது அதனினும் மிக அதிகம். பூஞ்சணமும் இராமபாணமும் அதன் விளைவுகள். புளிப்பற்ற தாளுறையும், கண்ணாடித் தகடுகளை அடுக்காது நிமிர்த்தி வைத்தலும் இன்றியமையாதன. பழைய நைத்திரேற்றுப் படச்சுருள் எளிதிற் தீப்பற்றுமாதலின் அதனைப் பிறவற்றோடு வைத்தலாகாது. ஒரே இடத்தில் ஒரே படியை வைப்பதன் கேடு யாதென்பதை 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது தமிழர் அறிந்தனர். நூலக நிறுவனம் 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் பின்னர் படங்களையும் மின்வடிவிலாக்கி வருகின்றது. வீட்டிலுள்ளோர் மூலப்படத்தைத் தாமே வைத்துக்கொண்டு படியை மட்டும் தரவும் இம்முறை இடந்தரும். சுவரிற் சட்டமிட்ட பாட்டனாரின் படத்தை இரவல் தரவும் தயங்குவோர்க்கு இது பேருதவி.

படி எடுக்கப்படும் வேளையே பெயர் கேட்கவேண்டிய வேளையுமாகும். படத்தின்மேல் மெல்லிய தாளை இட்டு, ஒவ்வொரு தலையையும் வரைந்து எண்ணிட்டு, எண்ணுக்கு எதிரே பெயர், தோட்டம், பிரிவு, ஆண்டு என்பவற்றையும், சொன்னவர் பெயரையும் எழுதிக்கொள்வது பழக்கம். மைப்பேனா கூடாது, படத்தின் பின்புறம் ஊறும். மென்மையான பென்சிலால் தொகுதி எண்ணை மட்டும் பின்புறத்து ஓரத்தில் இடுவர். இருவர் இரு பெயர் சொல்லின் இரண்டையும் எழுதுவர்.