மலைமாடுகளும் நம் மலையடிவாரமும்

ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நாம் அமைக்கும் குடிலில் ஒரு மாடு படுத்திருக்கும். நற்செய்தி நூல்கள் அம்மாட்டைக் குறிப்பிடவில்லை. எசாயா இறைவாக்கினரின் தொடக்க வரிகளிலிருந்து அது குடிலுக்குள் வந்து சேர்ந்தது. 1223-ஆம் ஆண்டு, இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி அக்காட்சியை அமைத்த நாள் முதல், மாடில்லாத குடிலை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் ஊர்க் கடைகளில் விற்கும் சிலையோ திமில் இல்லாத மேனாட்டு மாட்டின் சாயலில் வார்க்கப்பட்டது. போடிநாயக்கனூர்ப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாமி, இதுக்குத் திமிலு எங்கே?" என்று நம்மைக் கேட்டான். அவனுடைய தாத்தா மலைமாடு மேய்த்தவர். அந்தக் கேள்வியின் பின்னே சென்றபோது நாம் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

மலைமாடு என்பது தேனி மாவட்டத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவுகளில் காலங்காலமாக மேய்ந்து வளர்ந்த நாட்டு மாடு. உடல் சிறியது, கால் உறுதியானது, குளம்பு கடினமானது. செவலை, வெள்ளை, கருமயிலை, புள்ளி எனப் பல நிறங்களில் காணப்படும். பசு கறக்கும் பால் கன்றுக்கே சரியாகிவிடும் என்பதால், பாலுக்காக இம்மாட்டை வளர்ப்பவர் எவருமிலர். தவிடும் பிண்ணாக்கும் அது அறியாத உணவு. காலையில் தொழுவைத் திறந்துவிட்டால் மலையேறிப் புல்லும் தழையும் தின்று, ஓடையில் நீர் குடித்து, மாலையில் தானாகவே திரும்பும். அண்டையிலுள்ள புலிகுளம் மாடு அரசின் இனப்பதிவேட்டில் இடம்பெற்றது. காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், ஆலம்பாடி ஆகியவையும் இடம்பெற்றன. மலைமாடு நெடுங்காலம் அப்பதிவேட்டிற்கு வெளியிலேயே நின்றது. பதிவேட்டில் இல்லாதது அலுவலகத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்கென ஒதுக்கீடும் இல்லை, காளை நிலையமும் இல்லை.

பாலுக்கு இல்லையென்றால் இம்மாடு எதற்கு? சாணத்திற்கு என்பதே முதல் விடை. அறுவடை முடிந்த வயல்களில் இரவுதோறும் மாடுகளை அடைத்துக் கிடை போடுவார்கள். நூறு மாடுகள் ஓரிரவு படுத்தெழுந்த நிலத்திற்குச் சாணமும் கோமியமும் சேரும். நிலத்துக்காரர் அதற்குக் கூலியாக நெல்லோ பணமோ கொடுப்பார். வயலில் மீண்டும் பயிர் ஏறும் காலத்தில் சமவெளியில் மாட்டிற்கு இடமிராது. அப்போது மந்தை மலைக்குச் செல்லும். மலைப்புல் வளர்வதும் அதே மழைக்காலத்தில்தான். வயலுக்கு எரு வேண்டிய காலத்தில் மாடு கீழே இருக்கும். பயிருக்கு ஊறு நேரும் காலத்தில் அது மேலே இருக்கும். எந்த வேளாண் கல்லூரியும் வகுத்துக்கொடுக்காத இந்த ஏற்பாடு பல தலைமுறைகள் நின்று நிலைத்தது. இரசாயன உரம் வந்தபோது அதன் ஒரு கால் ஒடிந்தது. மலைக்குச் செல்லும் வழி அடைபட்டபோது மற்றொரு காலும் ஒடிந்தது.

இம்மண்ணில் மாட்டு மந்தை வெறும் சொத்தாக மட்டும் இருந்ததில்லை என்பதற்குக் கம்பத்திலுள்ள தம்பிரான் மாட்டுத் தொழு சான்று. கன்னட மொழி பேசும் காப்பிலியர் சமூகத்தார் அங்கே ஒரு மந்தையைத் தெய்வத்திற்கு உரியதாகப் பேணி வருகின்றனர். 1906-இல் வெளியான மதுரை மாவட்ட விவரச் சுவடியில் டபிள்யூ. ஃபிரான்சிஸ் என்ற ஆங்கில அதிகாரி இம்மந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். மந்தைக்கு ஒரு பட்டத்துக் காளை உண்டு. அது இறந்தால் முறைப்படி அடக்கம் செய்வார்கள். பிறகு மந்தையின் முன் கரும்பை வைத்துக் காத்திருப்பார்கள்; எக்காளை முதலில் வந்து கரும்பைத் தின்கிறதோ அதுவே அடுத்த பட்டத்திற்கு உரியது. மாட்டுப் பொங்கலன்று இன்றும் திரளான மக்கள் அத்தொழுவிற்குச் செல்கின்றனர். நம் மறைக்கும் இவ்வழிபாட்டிற்கும் தொடர்பில்லை. ஆயினும் விற்பனைக்கும் கறவைக்கும் அப்பால் ஒரு மந்தையை நிறுத்தி வைத்த அம்மக்கள், தாம் அறியாமலே ஓர் இனத்தின் வித்தையும் காத்தார்கள் என்பதை நாம் நன்றியோடு ஏற்கவேண்டும்.

ஏலமலை வரலாற்றைப் படிப்போர் அங்கே திருவிதாங்கூர் அரசின் ஏலத் தனியுரிமையையும், ஆங்கிலத் தோட்ட முதலாளிகளையும், சுமை தூக்கி மலையேறிய நம் தொழிலாளரையும் காண்பார்கள். எருதைக் காண்பது அரிது. ஆனால் அரிசியும் உப்பும் மேலே சென்றதும், ஏலமும் காப்பியும் கீழே வந்ததும் பொதிமாட்டின் முதுகில்தான். 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் ஒன்றை அமைத்தார்கள். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல் ஓட, பக்கத்துப் பெரிய சக்கரம் சாலையில் உருள, அவ்வண்டியை இழுத்தவை எருதுகள்! 1908-இல் அங்கே நீராவி இரயில் வந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அடித்துச் சென்றது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள், கொட்டகுடியில் தரை தொட்டதும் மறுபடி மாட்டுவண்டியில்தான் ஏறின. போடிக்கு இரயில் வந்தது 1928-இல். இரயிலைப் பற்றியும் கம்பிவடத்தைப் பற்றியும் எழுதியவர்கள் பலர். இழுத்த மாட்டிற்கு அவ்வெழுத்தில் ஒரு வரிக்கு மேல் இல்லை.

வழி அடைபட்ட கதை நீண்டது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்து, மேய்ச்சலுக்கு அனுமதிச் சீட்டும் கட்டணமும் விதித்தது. அதுவரை வழக்கமாக இருந்தது அன்றுமுதல் சலுகையாயிற்று. போடிநாயக்கனூர் பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் இருந்த ஊர். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபோது உழுதவன் நிலம் பெற்றதை நாம் போற்றுகிறோம். ஆனால் மேய்த்தவன் பெயரில் எழுதுவதற்கு எந்தப் பத்திரத்திலும் இடம் இருக்கவில்லை. 1956 நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்து, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. மலையின் முகட்டில் முன்பே இருந்த எல்லைக்கோடு மாநில எல்லையாக நிலைத்தது. மாட்டிற்கு அக்கோடு தெரியாது. மேய்ப்பவன் மட்டும் அதற்கு விடை சொல்லவேண்டியவன் ஆனான்.

2018 மார்ச் 11-ஆம் நாளை இவ்வட்டாரத்தில் எவரும் மறக்கமாட்டார்கள். குரங்கணி மலையில் காய்ந்த புல் பற்றி எரிந்து, மலையேற்றம் சென்றிருந்தவர்களில் 23 பேர் இறந்தனர், பெரும்பாலோர் இளையோர். அத்தீக்குப் பின் இருவகைப் பேச்சு எழுந்தது. மாடு மேய்ந்திருந்தால் புல் அவ்வளவு உயரம் நின்றிராது, தீயும் அவ்வாறு ஓடியிராது என்றனர் மேய்ப்பர்கள். புதுப்புல் முளைப்பதற்காகக் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதே அவர்கள்தாம் என்றனர் மற்றவர்கள். இரண்டிலும் உண்மை உண்டு என்றே நாம் கருதுகிறோம். மேய்ச்சல் புல்லின் சுமையைக் குறைக்கும் என்பது கண்கூடு. கோடையில் தீ வைக்கும் வழக்கமும் மலைகளில் இருந்ததே. வனத்துறையின் அச்சத்தை வீண் என்று தள்ளவும் நமக்கு மனமில்லை. 1968-இல் முதுமலைக் காட்டில் வெக்கை நோய் கண்டு காட்டெருமைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன; வீட்டு மாட்டிலிருந்து காட்டு விலங்கிற்குத் தொற்றும் நோய் அது. 2011-இல் உலகிலிருந்தே அந்நோய் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் கோமாரி ஒழியவில்லை.

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகத்தின் எல்லா வனங்களிலும் மாடு மேய்ப்பதற்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் தன் ஆணையைத் திருத்தித் தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவிற்குக் குறுக்கியது. எஞ்சிய காப்புக்காடுகளில் அனுமதி அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது. வியப்பு யாதெனில், அதே 2022 மார்ச்சில்தான் ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவை 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. நம் நாட்டின் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் மேய்ச்சலைச் சமூக உரிமைகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது. அச்சட்டத்தின்கீழ் மனுவை எழுதித் தருவதற்கு மேய்ப்பர் குடும்பங்களுக்கு ஆள் இல்லை. மனு எழுதத் தெரிந்த படித்தவர்கள் நம் பங்குகளில் நிறையவே இருக்கிறார்கள்.

இனி, நம் ஏடுகள் பொதுவாகத் தொடத் தயங்கும் பகுதிக்கு வருவோம். உழவோ கிடையோ முடிந்த மாட்டின் இறுதி என்ன? மலைமாட்டுக் காளைக்கன்றுகளில் நன்கு எழும்புபவை சல்லிக்கட்டிற்குச் செல்கின்றன. 2017 சனவரியில் மெரினாவில் கூடிய இளைஞர் எழுச்சிக்குப் பின் அவற்றின் விலை ஏறியது. பசுவின் விலை ஏறவில்லை. எஞ்சியவை வயதான பின் சந்தைக்குச் செல்கின்றன. அங்கிருந்து பெரும்பாலும் மலைக்கு அப்பால் கேரளத்திற்கு, இறைச்சிக்காக. தமிழகத்தின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், பத்து வயதைக் கடந்து உழைக்கவும் ஈனவும் இயலாத மாட்டைச் சான்று பெற்று அறுக்க இடம் தந்தது; 1976-இல் வெளியான அரசாணை பசுவை விலக்கியது. 2017 மே மாதத்தில் நடுவணரசு, அறுப்பதற்காக மாட்டைச் சந்தையில் விற்பதையே தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. மே 30-ஆம் நாள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சூலை 11-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது.

புல் மட்டுமே தின்று வளர்ந்த மாட்டின் இறைச்சிக்கு மேனாடுகளில் தனிப் பெயரும் கூடுதல் விலையும் உண்டு. இங்கிலாந்தில் அருகிவரும் இனங்களைக் காக்க 1973-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அயர்லாந்தின் சிறுகுட்டை மாடான டெக்ஸ்டர் போன்ற இனங்களை, அவற்றின் இறைச்சியைப் பெயர் சொல்லி விற்றே அங்குள்ளோர் பெருக்குகின்றனர். உண்பவன் இனத்தைக் காக்கிறான் என்பது கேட்க முரணாகத் தோன்றலாம். ஆனால் பயன் அற்றுப்போன இனத்தை எக்குடியானவனும் வைத்திருக்க இயலாது. நம் மலைமாடோ பிறந்தது முதல் மலைப்புல்லைத் தவிர வேறொன்றும் தின்னாதிருந்தும், சந்தையில் எலும்பும் தோலுமான கிழட்டு மாடாகவே எடை போடப்படுகிறது. தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார். மேய்த்தவர் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் பெரும்பாலும் மாட்டிறைச்சி உண்ணாதவர். யோப்பா நகரில் பேதுரு கண்ட காட்சிக்குப் பின் நமக்கு எவ்வுணவும் தீட்டன்று; எனினும் உடன் வாழ்பவரின் உள்ளத்தை நோகச் செய்து உண்ணலாகாது என்று பவுல் அடிகளார் உரோமையருக்கும் கொரிந்தியருக்கும் எழுதினார். இவ்விரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொள்வது எளிதன்று. ஞாயிறன்று தட்டில் வரும் கறி எம்மலையின் புல் என்றேனும் நாம் கேட்கலாம் அல்லவா?

விவிலியத்தில் மேய்ச்சல் நிலம் குறித்த சச்சரவுகள் நாம் நினைப்பதைவிட மிகுதி. ஆபிரகாமின் மேய்ப்பரும் லோத்தின் மேய்ப்பரும் பூசலிட்டதைத் தொடக்கநூல் சொல்கிறது. அங்கே மூத்தவர் இளையவருக்கு முதல் தெரிவை விட்டுக்கொடுத்தார். எண்ணிக்கை நூலின் 32-ஆம் அதிகாரத்தை நாம் ஆலயத்தில் அரிதாகவே வாசிக்கிறோம். ரூபன், காத்து குலத்தார் திரளான கால்நடைகளை உடையவர்கள். யோர்தானுக்குக் கிழக்கே நல்ல மேய்ச்சல் நிலம் கண்டு அதையே தங்களுக்குக் கேட்டனர். மோசே சினந்தார். பிறகு இரு தரப்பும் பேசின. மற்றக் குலத்தாரோடு சேர்ந்து போருக்கு வருவோம் என்று இவர்கள் வாக்களித்தனர். நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. மாட்டை விடு என்று மோசே சொல்லவில்லை. பொறுப்பையும் சேர்த்து ஏற்றுக்கொள் என்றார். தீ வைப்பதில்லை, நோய்த்தடுப்பு ஊசி போடாத மாட்டை மலையேற்றுவதில்லை, இத்தனை மாட்டிற்கு மேல் இல்லை என்று மேய்ப்பர்கள் கையொப்பமிட்டு, அதற்கு ஈடாக வழி திறக்கப்படுமானால் அது விவிலியத்திற்குப் புதிதான உடன்படிக்கை ஆகாது.

சென்ற ஆண்டு அச்சிறுவனின் தாத்தாவைச் சந்தித்தோம். "எத்தனை உருப்படி இருக்கு, பெரியவரே?" என்று கேட்டோம். "பதினொண்ணு, சாமி. ஒரு காலத்துல எண்ண மாட்டோம், தொழு நெறஞ்சா போதும்" என்றார். மகன் ஏலக்கடையில் எடை போடுகிறார், மேய்க்க ஆளில்லை. 2025 ஆகஸ்டில் போடியை அடுத்த மலையில் ஓர் அரசியல் கட்சியினர் மாடுகளோடு வனத்திற்குள் செல்ல முயன்று தடுக்கப்பட்டதைக் குறித்து அவரிடம் கேட்டோம். கூட்டம் போன பிறகு மாடு என்ன தின்னும் என்று மட்டும் திருப்பிக் கேட்டார். அவர் தொழுவில் சேரும் சாணத்தை மாதம் ஒருமுறை லாரி வந்து அள்ளிக்கொண்டு போடிமெட்டு வழியே மேலேயுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கொண்டுசெல்கிறது. மாடு ஏற முடியாத மலையில் அதன் சாணம் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறுகிறது. அந்தச் சாணக்காசுதான் இப்போது அப்பதினொரு மாடுகளையும் நிறுத்தி வைத்திருக்கிறது.