நூறு சில்லுகளின் கணக்கு: ஸ்க்ராபிள் ஆட்டமும் அதன் உத்திகளும்

கலைந்து கிடக்கும் எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்கும் திறன், ஐரோப்பாவில் வீட்டுக் கூடத்து ஆட்டமாக மாறுவதற்கு நெடுங்காலம் முன்பே அரசவைப் புலவர்களும் அறிவியலாளர்களும் கையாண்ட கலையாக இருந்தது. ஒரு சொல்லிலோ தொடரிலோ உள்ள எழுத்துகளுள் ஒன்றும் கூடாமல், ஒன்றும் குறையாமல், அவற்றின் வரிசையை மட்டும் மாற்றி வேறொரு சொல்லை ஆக்குவது அனகிராம் எனப்படும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் லைக்கோஃப்ரன், எகிப்தை ஆண்ட தாலமி மன்னரின் பெயரெழுத்துகளை இவ்வாறு மாற்றிப் புகழ்மொழி ஆக்கினார் என்று மரபு கூறுகிறது. பிரான்சு மன்னர் பதின்மூன்றாம் லூயி, இந்தக் கலைக்கென்றே தாமஸ் பிலோன் என்பவரை 1,200 லிவர் ஊதியத்தில் அமர்த்தியிருந்தார்.

அறிவியலாளர்கள் இக்கலையை நாடியது வேறொரு தேவைக்காக. கண்டுபிடிப்பு ஒன்றை உடனே வெளியிடத் தயங்கியவர்கள், அதை ஒரு வாக்கியமாக எழுதி, அதன் எழுத்துகளைக் கலைத்து நண்பர்களுக்கு அனுப்பிவைத்தால், பின்னாளில் முதன்மை யாருக்கு உரியது என்ற வழக்கு எழும்போது அதுவே சான்றாக நின்றது. 1610இல் தொலைநோக்கியில் சனிக்கோளை மூன்று உருக்கள் ஒட்டி நிற்பதுபோல் கண்ட கலிலியோ, அச்செய்தியைக் கூறும் இலத்தீன் வாக்கியத்தின் 37 எழுத்துகளையும் கலைத்துப் பிராகு நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த கெப்ளர் அவற்றை அரும்பாடுபட்டு அடுக்கி, செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்னும் பொருள்படும் வேறொரு வாக்கியத்தை எடுத்தார். செவ்வாயின் இரு துணைக்கோள்கள் 1877இல் உண்மையாகவே கண்டறியப்பட்டன என்றாலும், கலிலியோ கருதியது அதுவன்று. எழுத்துகள் மிகுந்தால் விடைகளும் மிகும் என்பதையும், ஒரு விடையை மற்றொன்றோடு ஒப்பிட்டு எடைபோடும் அளவுகோல் ஏதும் இக்கலைக்கு அந்நாளில் இல்லை என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருசேரக் காட்டுகிறது.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அட்டையிலோ மரத்திலோ எழுத்துகளைப் பொறித்து விளையாடும் வீட்டு ஆட்டங்கள் பரவின. அனகிராம் என்றே பெயர்பெற்ற ஆட்டத்தில், கவிழ்த்து வைத்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல் அமைப்பதோடு, எதிராளி அமைத்த சொல்லில் ஓர் எழுத்தைச் சேர்த்து வரிசையை மாற்றி அதைத் தன்வசமாக்குவதற்கும் விதி இடம்தந்தது. இதற்கிடையே 1913 டிசம்பரில் 'நியூயார்க் வோர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட குறுக்கெழுத்துப் புதிர், சொற்கள் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் கட்ட அமைப்பை மக்களுக்குப் பழக்கியது. எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் ஆட்டமும் கட்டங்களில் சொல் நிரப்பும் புதிரும் அருகருகே வளர்ந்தபோதிலும், அவ்விரண்டையும் இணைத்து ஒவ்வோர் எழுத்துக்கும் விலை வைக்கும் வேலை இன்னொருவருக்காகக் காத்திருந்தது.

அவ்வேலையைச் செய்தவர் நியூயார்க் மாநிலத்தின் பொக்கீப்சி ஊரில் 1899இல் பிறந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1931இல் வேலை இழந்த அவர், மக்கள் விரும்பும் ஆட்டங்களை எண்ணை அடிப்படையாகக் கொண்டவை, காய் நகர்த்துபவை, சொல்லைக் கொண்டு ஆடுபவை என மூன்றாக வகுத்து ஆராய்ந்தார். தாயக்கட்டை போன்றவற்றில் எல்லாம் அதிர்ஷ்டமாகவும் சதுரங்கத்தில் எல்லாம் திறமையாகவும் இருக்க, இரண்டும் பாதிப்பாதியாகக் கலந்த சொல்லாட்டம் ஒன்றை உருவாக்க அவர் முனைந்தார். எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய 'தி கோல்ட் பக்' கதையில், ஒரு மறைகுறியீட்டுச் செய்தியை அதிகம் வரும் எழுத்து எது என்று எண்ணிப் பார்த்தே நாயகன் அவிழ்க்கிறான். அந்தக் கதை தந்த தூண்டுதலால் பட்ஸ் நாளிதழ்களின் பக்கங்களை முன்னால் பரப்பிவைத்து ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கையாலேயே எண்ணினார்.

அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே இன்றும் மாறாதிருக்கும் 100 சில்லுகளின் பங்கீடு. சில்லு என்பது எழுத்தும் அதன் புள்ளியும் பொறித்த சிறு சதுரக் கட்டை. மிகுதியாக வரும் 'இ' எழுத்துக்கு 12 சில்லுகளும், 'ஏ', 'ஐ' ஆகியவற்றுக்கு ஒன்பது ஒன்பதும் கிடைக்க, 'கியூ', 'இசட்' ஆகியன ஒவ்வொரு சில்லோடு நின்று பத்துப் புள்ளி பெற்றன. எந்த எழுத்தாகவும் கொள்ளத்தக்க வெற்றுச் சில்லுகள் இரண்டு சேர்க்கப்பட்டன. ஆனால் எண்ணிக்கையை அப்படியே படியெடுத்து பட்ஸ் நின்றுவிடவில்லை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் இறுதியில் 'எஸ்' சேர்த்தாலே பன்மையாகிவிடும் என்பதால் ஆட்டம் எளிதாகிவிடாமலிருக்க அதற்கு நான்கே சில்லுகள் வைத்தார். தொடர்ந்த உரைநடையில் அடிக்கடி தலைகாட்டும் 'ஹெச்' எழுத்துக்கும் இரண்டே சில்லுகளும் நான்கு புள்ளியும் அமைந்தன. எண்ணியதைத் தேவைக்கேற்பத் திருத்திய இந்தப் பகுத்தறிவே ஆட்டத்தின் உயிர்.

முதலில் பலகையே இல்லாமல் 'லெக்ஸிகோ' என்று வழங்கிய இந்த ஆட்டம், 1938இல் பதினைந்துக்குப் பதினைந்து கட்டப் பலகையும் ஆடுவோர் கையில் ஏழு சில்லுகளும் கொண்ட 'கிரிஸ் கிராஸ் வேர்ட்ஸ்' ஆனது. பெரிய ஆட்ட நிறுவனங்கள் அதை ஏற்க மறுத்ததால், பட்ஸ் தாமே செய்த பெட்டிகளைத் தெரிந்தவர்களுக்கு விற்றார். குவீன்ஸ் பகுதியின் ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு தேவாலயக் கூடத்தில் நண்பர்களோடு ஆடி அதைச் செம்மைப்படுத்தினார். அப்பெட்டிகளுள் ஒன்றை வைத்திருந்த ஜேம்ஸ் புருனோ, விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் உரிமைத்தொகை தருவதாக ஒப்புக்கொண்டு 1948இல் தயாரிப்பை ஏற்றார். 'ஸ்க்ராபிள்' என்ற பெயரும், ஏழு சில்லுகளையும் ஒரே முறையில் இறக்குவோருக்கு 50 புள்ளி மிகைப்பரிசும் அவர் காலத்தவை. 1949இல் 2,400 பெட்டிகள் செய்தும் நட்டமே கண்ட அவருடைய தொழில், 1952இல் மேசீஸ் பேரங்காடி ஆட்டத்தை விற்கத் தொடங்கியதும் தலைகீழாக மாறியது. தேவைக்கு ஈடுகொடுக்க இயலாமல் தயாரிப்பு உரிமையைச் செல்ச்சோ அண்ட் ரைட்டர் நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

வீடுகளில் ஆடியோர் கண்ணுக்குப்பட்ட நீளமான சொல்லையோ அதிகப் புள்ளி தரும் சொல்லையோ வைத்து மகிழ்ந்தனர். உத்தி என்று சொல்லத்தக்கது, 1960களில் நியூயார்க்கின் சதுரங்கக் கூடங்களில் பணயம் வைத்து ஆடத் தொடங்கியவர்களிடம் உருவாயிற்று. 1973இல் முறையான போட்டிகள் தொடங்கி, 1978இல் ஆட்டத்துக்கென்றே ஓர் அகராதியும் அமெரிக்க தேசியப் போட்டியும் வந்தபின், அந்தக் கூடங்களின் கைப்பழக்கம் எழுதிக் கற்கும் துறையானது. அத்துறையின் முதற்பாடம், பலகையில் வைப்பதைக் காட்டிலும் கையில் எஞ்சுவதைக் கருத வேண்டும் என்பது. உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் அளவொத்து நிற்கும்படி மீதியைக் காத்தால்தான் அடுத்த முறை 50 புள்ளி மிகைப்பரிசுக்கு வழி பிறக்கும். அதற்காகச் சில புள்ளிகளை இன்று விட்டுக்கொடுப்பதும், தேறாத சில்லுகளை மாற்றிக்கொள்ள ஒரு முறையையே இழப்பதும் இலாபக் கணக்கில் சேரும்.

ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி என்னும் ஏழு எழுத்துகளை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். ஒவ்வொன்றும் ஒற்றைப் புள்ளியே உடையது. ஆயினும் இவற்றிலிருந்து ரிடெயின்ஸ், நாஸ்டியர், ரெட்டினாஸ், ஸ்டெயினர், ரெட்சினா எனப் பல ஏழெழுத்துச் சொற்கள் பிறக்கின்றன. பட்ஸின் பங்கீட்டில் இந்த ஏழு எழுத்துகளுக்கும் உரிய சில்லுகள் மொத்தம் 52. அதாவது பையின் பாதிக்கு மேல் இவையே. முகமதிப்பில் மிகத் தாழ்ந்த சில்லுகள் ஆட்டத்தில் மிக உயர்ந்தவை ஆவதும், பத்துப் புள்ளி பொறித்த 'கியூ' பெரும்பாலும் சுமையாவதும் இதனால்தான். தேர்ந்தோர் கையிலுள்ள எழுத்துகளை அகரவரிசையில் நிறுத்திப் பார்க்கப் பழகியதும் இத்தகைய கூட்டங்களை நினைவில் பதிக்கவே: எழுத்துகள் எவ்வாறு கலைந்து வந்தாலும் அகரவரிசை ஒன்றே என்பதால், அந்த ஒரே வடிவத்தோடு அதில் அடங்கும் சொற்கள் அனைத்தையும் சேர்த்து மனனம் செய்ய முடிகிறது. இறங்கிய சில்லுகளைத் தாளில் ஒவ்வொன்றாக அடித்துவரும் வழக்கமும் அவ்வாறே நூறு என்ற வரம்பைச் சார்ந்தது. பை காலியானதும் எதிராளியின் கையில் உள்ளவை இன்னவை என்பது ஐயமறத் தெரிந்துவிடும்.

1980களிலிருந்து பிரையன் ஷெப்பர்டு வளர்த்த 'மேவன்' என்னும் கணினி நிரல், ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் எதிராளிக்கு வரக்கூடிய சில்லுகளை ஆயிரக்கணக்கான முறை ஆடிப்பார்த்துச் சராசரி கண்டு, ஆட்டக்காரர்கள் அனுபவத்தால் உணர்ந்ததை எண்களாக்கியது. புள்ளியே இல்லாத வெற்றுச் சில்லை ஏறத்தாழ 25 முதல் 30 புள்ளிக்கு ஈடாகத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இன்று மதிக்கின்றனர். சொற்பொருளைவிட எழுத்துகளின் சேர்க்கையே இங்கு முதன்மை என்பதற்கு வலிய சான்று நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ்: பிரெஞ்சு பேசத் தெரியாத அவர், அம்மொழியின் சொற்பட்டியலை மனனம் செய்து 2015இல் பிரெஞ்சு உலகப் பட்டத்தை வென்றார்.

அவர் ஆடிய பிரெஞ்சுப் பெட்டியில் 'இ' எழுத்துக்கு 15 சில்லுகள் உண்டு; ஆங்கிலத்தில் ஐந்து புள்ளியே பெறும் 'கே' அங்கே பத்துப் புள்ளி பெறுகிறது. ஒவ்வொரு மொழிக்கும் அதன் எழுத்துகளைத் தனியே எண்ணியே இந்த ஆட்டத்தை அமைக்க முடியும் என்பதால், 1993இல் தம் 93ஆம் வயதில் மறைந்த பட்ஸ் விட்டுச்சென்றவற்றுள் பலகையைவிட மதிப்புடையது அவருடைய எண்ணும் முறையே ஆகும். அரை நூற்றாண்டு கடந்த உத்தி ஆய்வும் கணினிக் கணிப்பும் புதிதாக எதையும் ஆட்டத்தில் சேர்க்கவில்லை. வேலையிழந்த ஒருவர் நாளிதழ்ப் பக்கங்களிலிருந்து எண்ணி எடுத்து நூறு சில்லுகளுக்குள் அமைத்துவைத்த விகிதங்களையே அவை படிப்படியாகக் கண்டறிந்தன.