தோட்டாவில் கொழுப்பு எதற்கு?

வடக்கே வந்து பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருக்கும் நம்மவர்கள் வீட்டில் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். "அப்பா, தோட்டாவுல எதுக்குக் கொழுப்பு தடவினாங்க?" மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, மங்கள் பாண்டே, மீரட் என்று பாடப்புத்தகம் வரிசையாகச் சொல்லிவிடும். கொழுப்பு எதற்கு என்று மட்டும் சொல்லாது. அது தெரியாமல் 1857ஐப் படித்தால், அற்ப விஷயத்துக்காக ஆத்திரப்பட்ட சிப்பாய்கள் என்ற எண்ணம்தான் மிஞ்சும். என் அலுவலகத்திலேயே படித்த மனிதர்கள் அப்படிப் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை.

முதலில் ஈயம். சுலபமாக உருகும் (327 டிகிரி செல்சியஸ்), அச்சில் ஊற்றினால் குண்டு தயார். கனமும் உண்டு. ஆனால் நகத்தால் கீறலாம் போல அவ்வளவு மென்மை. பழைய பிரவுன் பெஸ் துப்பாக்கியில் இது பெரிய தொல்லை இல்லை. அதன் குழல் உட்புறம் வழவழப்பானது, குண்டு தளர்வாக உள்ளே போகும், அதே தளர்வால் குறியும் தவறும். நூறு கஜத்துக்கு மேல் அடித்தால் யார் மேல் படும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

1853 மாடல் என்ஃபீல்டு வேறு ஜாதி. குழலின் விட்டம் 0.577 அங்குலம், உள்ளே சுழலும் பள்ளங்கள் மூன்று. குண்டு அந்தப் பள்ளங்களைக் கவ்விச் சுழன்றால்தான் தூரம் போகும், குறி நிற்கும். கவ்வ வேண்டுமானால் இறுக்கமாக இருக்க வேண்டும். அந்த இறுக்கமான குண்டை, நாலைந்து தடவை சுட்டுக் கரி படிந்த குழலுக்குள் வாய்ப்பக்கமாகவே கம்பியால் இடித்து இறக்கவும் வேண்டும். அதற்குத்தான் மேல்பூச்சு. உள்ளே போகும்போது வழுக்கும், கரியை இளக்கி வைக்கும், ஈயம் குழலில் ஈஷிக்கொள்வதையும் குறைக்கும். வெடிமருந்தும் குண்டும் ஒரே காகிதச் சுருளில் இருக்கும். ஒரு முனையைப் பல்லால் கடித்து மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டு உள்ள மறு முனையைக் குழலில் நுழைக்க வேண்டும். கொழுப்பு தடவியது அந்த மறு முனையில்தான். கடிக்கும் முனை வேறு, தடவிய முனை வேறு என்று வாதாடலாம். இந்த ஊர் வெயிலில் உருகும் கொழுப்பு எந்த முனை என்று கணக்குப் பார்க்குமா?

ஆக, பூச்சு தேவை. அதில் தவறில்லை. என்ன கொழுப்பு என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1853இல் கொழுப்பு தடவிய தோட்டாக்களை, இந்தியத் தட்பவெப்பம் தாங்குமா என்று பார்க்க இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். வங்காளப் படையின் அட்ஜுடண்ட் ஜெனரல் கர்னல் டக்கர், டிசம்பரிலேயே எழுதிவிட்டார்: கொழுப்பு மதத்துக்கு ஒவ்வாததல்ல என்று உறுதியாகும் வரை இதை ஐரோப்பியச் சிப்பாய்களிடம் மட்டும் சோதியுங்கள். கடிதம் ராணுவ வாரியத்தின் கோப்பில் படுத்துக்கொண்டது. தோட்டாக்களோ சிப்பாய்களின் பைகளிலேயே ஊர் சுற்றின. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று 1855இல் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே என்ன என்று அவர்களிடம் சொன்னால்தானே ஆட்சேபிப்பதற்கு! இதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1806 ஜூலையில், தோல் வைத்த புதுத் தலைப்பாகையால் நம் வேலூர்க் கோட்டையில் என்ன நடந்தது என்பதும் இதே கம்பெனியின் ஆவணங்களில்தான் இருந்தது.

1856இல் கல்கத்தாவிலேயே தோட்டா தயாராக ஆரம்பித்தது. கொழுப்பு காண்டிராக்டரிடமிருந்து வந்தது. எந்த மிருகத்தின் கொழுப்பு என்று நிபந்தனை போடவில்லை, வந்து இறங்கியதைச் சோதிக்கவும் இல்லை. பின்னால் விசாரித்தபோது, மாட்டுக் கொழுப்பு இல்லை என்று அதிகாரிகளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. வங்கிக்காரனான எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. நாங்கள் ஆடிட்டில் தினமும் பார்க்கிற சமாச்சாரம் இது. வாங்கும் பொருளின் விவரத்தில் விட்டுப்போன ஒரே ஒரு வரி.

1857 ஜனவரி. இடம் டம்டம், இன்றைக்குக் கொல்கத்தா விமானம் இறங்கும் அதே பகுதி. ஆயுதசாலைத் தொழிலாளி ஒருவர் ஒரு பிராமணச் சிப்பாயிடம் லோட்டாவில் தண்ணீர் கேட்டார். இவர் மறுத்தார். பசு, பன்றிக் கொழுப்பை வாயில் வைக்கப் போகிற உனக்கு இனி என்ன ஜாதி என்றார் அவர். 22ஆம் தேதி கேப்டன் ரைட் இதை மேலிடத்துக்கு எழுதினார். அரசு உடனே அசைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தே நாளில் உத்தரவு வந்தது: தோட்டாவைப் பூச்சில்லாமல் கொடுங்கள், சிப்பாய்களே தங்களுக்கு ஒத்த பூச்சைத் தடவிக்கொள்ளட்டும்.

பழுதைச் சரி செய்யப் போய்ப் பழுது பெரிதான கதை இங்கே தொடங்குகிறது. சில படைப்பிரிவுகள் ஆட்டுக் கொழுப்பும் மெழுகும் தடவிய தோட்டாவை ஏற்கனவே பல வருடங்களாகப் பயன்படுத்தி வந்தன, இப்போது திடீரென்று மாற்றினால் சந்தேகம்தான் வரும் என்று அட்ஜுடண்ட் ஜெனரல் அலுவலகத்திலிருந்து தந்தி பறந்தது. வரவும் செய்தது. பிப்ரவரியில் பாரக்பூர் விசாரணையில் சிப்பாய்கள் பூச்சை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். புதுக் காகிதம் மெல்லியது, பளபளப்பானது. எரித்தால் சடசடக்கிறது, கொழுப்பு நாற்றம் அடிக்கிறது என்றார்கள். சோதித்ததில் காகிதத்தில் கொழுப்பு இல்லை. யார் நம்பினார்கள்? மார்ச்சில் பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று டிரில்லையே மாற்றினார்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் இத்தனை மாற்றம் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

அவத் ராஜ்யத்தை 1856இல் பிடுங்கிக்கொண்டது, கடல் கடந்தும் போக வேண்டும் என்ற அதே ஆண்டின் புதுச் சேர்க்கை விதி என்று நம்பிக்கை ஏற்கனவே கிழிந்து கிடந்தது. அதில்லாமல் இந்தக் காகிதம் மட்டும் தீப்பற்றியிருக்காது.

ஏப்ரல் 24, மீரட். கர்னல் கார்மைக்கேல் ஸ்மித் 90 குதிரைப்படை வீரர்களை அணிவகுக்கச் செய்து தோட்டா கொடுத்தார். அவை பழைய வகை, கொழுப்பு இல்லாதவை, கையால் கிழிக்க வேண்டியவை. 85 பேர் வாங்க மறுத்தார்கள். பெரும்பாலோருக்குப் பத்தாண்டு கடுங்காவல். மே 9ஆம் தேதி படை முழுவதும் பார்க்க, சீருடையைக் கழற்றிக் காலில் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் ஞாயிறு மாலை மீரட் எழுந்தது. திங்கள் காலை டில்லி.

கொழுப்பு தடவிய என்ஃபீல்டு தோட்டாவை உண்மையிலேயே கடித்த சிப்பாய் ஒருவராவது இருந்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பூச்சு என்ன ஆயிற்று என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் சொல்வதற்கு ஒன்று உண்டு. 1850களின் முடிவுக்குள் ஆங்கிலேயர்களே கொழுப்பைக் குறைத்துத் தேன்மெழுகுக்கு மாறிக்கொண்டார்கள். கொழுப்பு வெப்பத்தில் உருகிக் காகிதத்தில் ஊறிவிடுகிறது, ஈயத்தை அரித்து மேலே ஒரு படிவத்தை உண்டாக்குகிறது, குண்டு பருத்துக் குழலில் சிக்கிக்கொள்கிறது என்பது காரணம். குண்டின் விட்டத்தையும் 0.568 அங்குலத்திலிருந்து 0.550 ஆக இளைக்க வைத்தார்கள். எந்த மதத்துக்கும் ஆட்சேபம் இல்லாத தேன்மெழுகு அதே கல்கத்தா தோட்டாவில் 1856லேயே கொழுப்போடு ஒரு பங்காகக் கலந்துதான் இருந்தது.